பொருள்: 'ஸ்ட்ரிப்ட் என்வலப் ஸ்டார்' – தமிழில் என்ன சொல்லலாம்?

அனைவருக்கும் வணக்கம்.

பெருநிறை விண்மீன்கள், அதாவது சூரியனைப்போல் எட்டு மடங்குக்கு மேல் நிறையுள்ளவை, பற்றிய சொற்பட்டியலில் ஒரு சொல் இடறுகிறது. 'ஸ்ட்ரிப்ட் என்வலப் ஸ்டார்' என்பதற்கு 'உறை நீக்கப்பட்ட விண்மீன்' என்று போட்டேன். கடிதத்தைப் பிரித்து உறையைக் குப்பையில் போட்டதுபோல் இருக்கிறது.

பொருள் இதுதான். பெருநிறை விண்மீனின் வெளிப்பகுதியான உறை பெரும்பாலும் ஹைட்ரஜன். உள்ளே ஹீலியக் கரு. இரட்டையாகச் சுற்றும் இரண்டில் ஒன்று வீங்கித் தன் ரோச் மடலை (நம் குழுமடல் அல்ல, ஈர்ப்பின் எல்லை) நிரப்பிவிட்டால், ஹைட்ரஜன் துணையின் பக்கம் வழியத் தொடங்கும். கடைசியில் மிஞ்சுவது ஏறத்தாழ ஹீலியக் கருதான். பிறந்தபோதிருந்த நிறையில் சுமார் மூன்றில் ஒரு பங்கு. மேற்பரப்பு 50,000 முதல் 1,00,000 கெல்வின்வரை கொதிக்கும். ஒளியில் பெரும்பகுதி புற ஊதாவாகப் போய்விடுவதால், கண்ணுக்குத் தெரியும் ஒளியில் துணையே இதை மூழ்கடித்துவிடும். இடைப்பட்ட நிறையுள்ளவை வெகுகாலம் கணக்கில் மட்டும் இருந்ததற்குக் காரணம் அதுவே. ஸ்விஃப்ட் செயற்கைக்கோளின் புற ஊதாப் படங்களிலிருந்து இரு மகெல்லன் மேகங்களிலும் (நம் பால்வழிக்கு அருகிலுள்ள சிறு விண்மீன் மண்டலங்கள்) இத்தகைய 25 விண்மீன்களைப் பிரித்தெடுத்த ஆய்வு 2023இல்தான் வந்தது.

துணை இல்லாமலும் இது நடக்கலாம். 1867இல் பாரிஸ் வானாய்வகத்தில் வோல்ஃப், ராயே இருவரும் சிக்னஸ் விண்மீன் குழுவில் கண்ட மூன்று விண்மீன்களின் வகையை எடுத்துக்கொள்ளுங்கள். அவற்றின் காற்று, அதாவது மேற்பரப்பிலிருந்து வெளியே பாயும் வாயு, நொடிக்கு 1,000 முதல் 3,000 கிலோமீட்டர் வேகத்தில் வீசும். ஆண்டுக்குச் சூரிய நிறையில் லட்சத்தில் ஒரு பங்கு அளவுக்குப் பறிபோகும். ஆகவே 'யார் நீக்கியது' என்பதைச் சொல் முடிவுசெய்துவிடக் கூடாது.

---

அன்புள்ள அம்மா,

'நீக்கப்பட்ட' வேண்டவே வேண்டாம். 'படு' போட்டுச் செய்த சொல்லெல்லாம் அரசாணை வாசனை அடிக்கும்.

'உறையிலி' எனலாமே? முதுகெலும்பிலி போலக் கச்சிதமாக இருக்கும். அல்லது உரித்தலைப் பிடித்துக்கொள்ளுங்கள்: 'உறை உரித்த விண்மீன்'. பாம்பு தோலைக் கழற்றினால் நாம் 'சட்டை உரித்தது' என்கிறோம். உடையும் தோலும் ஒரே சொல்லில் வந்துவிடுகின்றன. விண்மீனுக்கு 'உடு' என்றும் பெயர் உண்டு, உடுத்துவதும் உடுதான். விண்மீன், உடை என்ற உங்கள் இரண்டு படிப்பையும் நிகண்டு சேர்த்தே வைத்திருக்கிறது!

ஓர் எச்சரிக்கை. 'உறை விண்மீன்' என்று பாதியில் வெட்டிவிடாதீர்கள். உறைநிலை, உறைபனி பழகிய மாணவர் உறைந்துபோன விண்மீன் என்று படிப்பார்.

---

ஐயா, உடு விளையாட்டு அருமை. ஆனால் இரண்டு பரிந்துரையிலும் சிக்கல் இருக்கிறது.

முதுகெலும்பிலிக்கு முதுகெலும்பு என்றுமே இருந்ததில்லை. இந்த விண்மீனுக்கு உறை இருந்தது, போனதுதான் செய்தி. 'உரித்த' இன்னும் ஆபத்து. 'சட்டை உரித்த பாம்பு' என்றால் உரித்தது பாம்பு. 'மட்டை உரித்த தேங்காய்' என்றால் உரித்தது வேறு கை. 'உறை உரித்த விண்மீன்' என்று எழுதினால், அடுத்ததன் உறையை உரித்தெடுத்த துணை விண்மீன் என்றும் படிக்க இடமுண்டு. பொருளே தலைகீழாகிவிடும்.

'உரிந்த' என்றால் இந்த வம்பில்லை. வெயிலில் தோல் உரிந்தது என்கிறோம். யார் உரித்தது என்று கேட்பதில்லை. காற்றானாலும் துணையானாலும் பொருந்தும்.

'உடைமாற்று' என்ற வேர் கொண்ட எதையும் தவிர்க்கவேண்டும் என்பதற்கு ஜப்பானின் கபூகி மேடை நல்ல சான்று. அங்கே ஹிகினுகி என்றொரு உத்தி. நடிகர் உள்ளுடையை முதலிலேயே அணிந்திருப்பார். மேலுடையை மேல்பாதி, கீழ்பாதியாகப் பிரித்து, தோளிலும் கையிலும் தடித்த நூலால் ஓட்டுத்தையல் போட்டு அதன்மேல் பொருத்துவார்கள். நூல் முனையில் பிடித்திழுக்க ஒரு குமிழ். ஆட்டம் நடக்கும்போதே பின்னால் இருக்கும் கோக்கென் என்ற மேடை உதவியாளர் நூல்களை ஒவ்வொன்றாக உருவி, உரிய கணத்தில் துணியை இழுத்துவிடுவார். ஒரு நூல் தங்கினாலும் துணி பாதியில் தொங்கும். புதிதாக எதையும் அணிவதில்லை. உள்ளே இருந்ததுதான் வெளியே தெரிகிறது. ஹீலியக் கருவும் அப்படியே.

பாதியில் தொங்கும் நிலை வானிலும் உண்டு. 1993இல் எம்81 விண்மீன் மண்டலத்தில் வெடித்த 1993ஜே சூப்பர்நோவாவின் (விண்மீன் வெடிப்பு) நிறமாலையில் முதலில் ஹைட்ரஜன் வரிகள் தெரிந்தன. சில வாரங்களில் ஹீலியம் மேலோங்கியது. மெல்லிய ஹைட்ரஜன் படலம் ஒட்டியிருந்த விண்மீன் அது. சூப்பர்நோவா வகைப்பாட்டில் இது 2பி. ஹைட்ரஜன் இல்லாதது 1பி, ஹீலியமும் தெரியாதது 1சி. உரிந்ததன் அளவைச் சொல்ல அடைமொழி ஏற்கும் சொல்லாக இருக்கவேண்டும். 'பாதி உரிந்த' இயல்பாக வருகிறது. 'பாதி உறையிலி' வராது.

---

'உரிந்த' சரி, ஏற்கிறேன். இருந்தாலும் காலம் காட்டாத வினைத்தொகையை விட மனமில்லை. ஊறுகாய், சுடுகாடு மாதிரி 'உரிமீன்'?

---

ஐயா, சந்தையில் கேட்டுப் பாருங்கள், மசாலா தடவித் தருவார்கள்.

காலம் இங்கே வேண்டும். நிறை வழிந்துகொண்டிருக்கும் இரட்டைகள் வேறு வகை. உரிந்து முடிந்தவற்றுக்குத்தான் இந்தப் பெயர். வினைத்தொகையை, நடந்துகொண்டிருப்பவற்றுக்கு 'உறையுரி இரட்டை' என்று வைத்துக்கொள்ளலாம்.

---

உரிந்த உறை எங்கே போகிறது என்பதற்கும் ஒரு சொல் வேண்டும். கபூகியில் புக்காயெரி என்பதில் தோள் தையல் அவிழ்ந்த மேல்பாதி கழன்று போகாமல் இடுப்பைச் சுற்றித் தொங்குகிறது. 2014சி சூப்பர்நோவா 1பி ஆகத் தொடங்கி, ஓராண்டுக்குள் வெளியே கிடந்த ஹைட்ரஜன் ஓட்டில் மோதி வகை மாறியது. போனது தூரம் போகவில்லை. 'உதிருறை' எனலாமா?

---

'உதிருறை' நன்று, இது வினைத்தொகை, ஐயாவுக்கும் ஆறுதல். பட்டியலில் ஏற்றுபவை: உறையுரிந்த விண்மீன், உறையுரிவு, காற்றுரிவு, துணையுரிவு, பாதி உரிந்த விண்மீன், உறையுரிந்த சூப்பர்நோவா, உறையுரி இரட்டை, உதிருறை. நிறையைக் கொடுப்பதற்குக் 'கொடையாளி' வேண்டாம், விரும்பிக் கொடுப்பதுபோல் இருக்கிறது. 'இழப்பி', 'ஏற்பி' என்ற இணை போதும்.

அடுத்தது 'காமன் என்வலப்'. இரண்டு விண்மீனும் ஒரே உறைக்குள் சுழலும் நிலை. 'பொது உறை' என்றால் பொதுக் கழிப்பறை நினைவு வருகிறது. 'கூட்டுறை' எப்படி?