அப்டேட் போட்ட பிறகு பழைய லேப்டாப் கறுப்புத் திரையோடு நிற்கிறது

பழையமடி:
2012 மாடல் லேப்டாப், 4 ஜிபி ராம், லினக்ஸ். நேற்று ராத்திரி அப்டேட் போட்டேன். நடுவில் ஏதோ எரர் வந்தது, தூக்கக் கலக்கத்தில் படிக்காமலே மூடிவிட்டேன். காலையில் ஆன் செய்தால் கம்பெனி லோகோ வருகிறது, அப்புறம் கறுப்புத் திரை, அவ்வளவுதான். அரை மணி நேரம் அதையே முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பவர் பட்டனை அழுத்திப் பிடித்து நாலு தடவை அணைத்தாயிற்று. ஹார்ட் டிஸ்க் போய்விட்டதோ? மூன்று வருடப் போட்டோ உள்ளே இருக்கிறது. பேக்கப் இல்லை, திட்டாதீர்கள்.

சும்மாஇரு:
ஃபார்மேட் பண்ணிப் புதுசா போட்டுடுங்க ப்ரோ. ஒரு மணி நேர வேலை.

திருப்புளி:
போட்டோ இருக்கிறது என்கிறார், ஃபார்மேட்டாம்! பழையமடி, பவர் பட்டனைத் தொடாதீர்கள். நின்றுபோன பிறகு கேப்ஸ் லாக் விளக்கைப் பாருங்கள். அழுத்தினால் எரிந்து அணைகிறதா, செத்துக் கிடக்கிறதா, தானாகவே சிமிட்டுகிறதா?

பழையமடி:
தானாகச் சிமிட்டுகிறது! இத்தனை நேரம் நான் கவனிக்கவே இல்லை.

திருப்புளி:
அப்படியென்றால் கெர்னல் பானிக், அதாவது லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் மேலே போக முடியாமல் நின்றுவிட்டது. டிஸ்க் மேல் எனக்குச் சந்தேகம் குறைவு. அழுத்தும்போது எரிந்து அணைந்திருந்தால் கெர்னல் உயிரோடு இருக்கிறது, திரைதான் வரவில்லை என்று கிராபிக்ஸ் பக்கம் போயிருப்பேன்.

ஆன் செய்ததும் ஷிஃப்டை அழுத்திப் பிடியுங்கள், எந்தக் கெர்னலில் ஏறுவது என்று தேர்ந்தெடுக்கும் க்ரப் மெனு வரும் (வராவிட்டால் எஸ்கேப்பைத் தட்டிப் பாருங்கள்). அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ் உள்ளே பழைய கெர்னலும் இருக்கும், அதில் ஏறுங்கள். ஏறியதும் முதல் வேலை போட்டோவை வேறு டிரைவில் நகலெடுப்பது. மற்றதெல்லாம் அப்புறம்.

பழையமடி:
ஏறிவிட்டது!! போட்டோ நகல் ஓடிக்கொண்டிருக்கிறது. நீங்கள் கேட்பதற்கு முன்பே டிஸ்கில் எவ்வளவு இடம் நிரம்பியிருக்கிறது என்று காட்டும் டிஎஃப் கட்டளை போட்டுப் பார்த்தேன், கெர்னல்கள் இருக்கும் பூட் பார்ட்டிஷன் 100% என்று காட்டுகிறது.

திருப்புளி:
அதுதான் கோளாறு. அந்தப் பார்ட்டிஷனில் பழைய கெர்னல்கள் குவிந்து, புதுசு கிளம்பும்போது முதலில் ஏற்றிக்கொள்ளும் இனிட்ராம்எஃப்எஸ் ஃபைலை எழுத இடம் இல்லாமல் போயிருக்கிறது. நீங்கள் மூடிய எரர் இதைத்தான் சொல்லியிருக்கும். அந்த ஃபைல் இல்லாமல் கெர்னலுக்குச் சிஸ்டம் இருக்கும் ரூட் பார்ட்டிஷன் கிடைக்காது, அங்கேயே விழுந்துவிடும்.

சூடோவோடு (அட்மின் உரிமையோடு) ஆப்ட் ஆட்டோரிமூவ் கொடுங்கள், தேவையில்லாத பழைய கெர்னல்களை அது நீக்கும். இப்போது ஓடும் கெர்னலை அது தொடாது. இடம் கிடைத்ததும் டிபிகேஜி கன்ஃபிகர், ஹைஃபன் ஏ. பாதியில் நின்ற அப்டேட்டை அது முடித்து வைக்கும். கடைசியில் க்ரப் மெனுவைப் புதுப்பிக்க அப்டேட் க்ரப். இந்தத் தடவை எரர் வந்தால் படியுங்கள்.

பழையமடி:
ஐந்து பழைய கெர்னல் போயிற்று. புதுக் கெர்னலிலேயே ஏறி இதை எழுதுகிறேன். எரரும் படித்தேன், எதுவும் வரவில்லை.

சும்மாஇரு:
நானும் இப்ப பார்த்தேன். என்னுது 92%.