அகதியாக வந்த பதின்ம வயதுப் பிள்ளைகளின் மன அழுத்தம்: ஆசிரியர் என்ன செய்யலாம்?

கேள்வி:
14, 15 வயதில் அகதியாக வந்து வகுப்பில் சேரும் பிள்ளைகள் சிலர் மாதக்கணக்கில் வாயே திறப்பதில்லை. அடிக்கடி தலைவலி, வயிற்றுவலி. கதவை அறைந்து சாத்தினால் தூக்கிவாரிப் போடுகிறது. நடந்ததையெல்லாம் பேசவைத்தால் பாரம் குறையும் என்கிறார்கள். செய்யலாமா?

பதில் (உளவள ஆலோசகர்):
வேண்டாம். துருவிக் கேட்டால் அன்றிரவு தூக்கம் கெடும், மறுநாள் பிள்ளை உங்களைக் கண்டாலே ஒதுங்கும். தானாகச் சொன்னால் குறுக்கிடாமல் கேளுங்கள்.

முதலில் தூக்கத்தை விசாரியுங்கள். கெட்ட கனவுக்குப் பயந்து விடியவிடியப் போனோடு விழித்திருக்கும் பிள்ளைதான் முதல் பாடவேளையில் தூங்கி வழிகிறது; அதற்குச் சோம்பேறி என்ற பட்டம் வேறு. ஒரே கனவு திரும்பத் திரும்ப வந்தால், பகலில் அதன் போக்கைத் தன் விருப்பப்படி மாற்றி எழுதச் சொல்லி, புதிய கனவைத் தினமும் 10 முதல் 20 நிமிடம் மனதில் ஓட்டிப் பார்க்கும் பயிற்சி உண்டு. பயிற்சி பெற்றவர் துணையோடு, லேசான கனவில் தொடங்க வேண்டும். கொடூரமானதில் தொடங்கினால் பிள்ளை பாதியில் விட்டுவிடும்.

பதறும் நேரத்துக்கு: கண்ணில் படுவது 5, தொட்டு உணர்வது 4, காதில் விழுவது 3, மணம் 2, சுவை 1 என்று தாய்மொழியில் சொல்லட்டும். அமைதியாக இருக்கும்போதே பழக்குங்கள். கண்ணை மூடச் சொல்லாதீர்கள், சிலருக்குப் பழைய காட்சிதான் வந்து நிற்கும்.

பதில் (மொழி ஆசிரியர்):
புது மொழியில் வாய் திறக்காத காலம் பலருக்கும் உண்டு. தாய்மொழிக்காரரிடமும் பேசவில்லை என்றால்தான் கவலைப்பட வேண்டும். இருமொழிக் கல்வி ஆய்வாளர் ஜிம் கம்மின்ஸ் ஆய்வுகளின்படி பேச்சுமொழி ஓரிரு ஆண்டில் வந்துவிடும், பாடமொழிக்கு 5 ஆண்டாவது ஆகும். சரளமாக அரட்டை அடிக்கும் பிள்ளை வரலாற்றுத் தேர்வில் தோற்பது அதனால்தான். கதவு கண்ணில் படும்படி உட்காரவையுங்கள். தீ ஒத்திகை மணி அடிக்கும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

பதில் (குடும்ப நலப் பணியாளர்):
போரை மட்டுமே பார்த்தால் பாதிதான் தெரியும். தஞ்சக் கோரிக்கைக்கு முடிவு வராமல் காத்திருப்பதும் இன்றைய பாரம்தான். இன்னொன்று, பிள்ளையையே மொழிபெயர்ப்பாளர் ஆக்குவது. அம்மாவின் நோயை டாக்டரிடம் மகன் விளக்குகிறான், வக்கீல் கடிதத்தை மகள் படித்துச் சொல்கிறாள். கெட்ட செய்தி முதலில் இவர்கள் காதில்தான் விழுகிறது. வீட்டில் யார் பெரியவர் என்பதே தலைகீழாகி, சண்டையும் வருகிறது. உங்கள் பெற்றோர் சந்திப்புக்காவது வெளி மொழிபெயர்ப்பாளரைக் கேட்டு வாங்குங்கள்.

பழைய பண்பாட்டை விடாமல் புதியதிலும் சேர்ந்துகொள்பவர்கள் பொதுவாக நன்றாக இருக்கிறார்கள் என்பது, குடிபெயர்ந்தோரை ஆராய்ந்த உளவியலாளர் ஜான் பெர்ரியின் முடிவு. ஆனால் உள்ளூர்ப் பிள்ளைகள் ஒதுக்கினால் இவர்கள் எங்கே சேர்வது? பந்தாட்டக் குழுவில் ஓர் இடம், அறிவுரையைவிட உதவும்.

கேட்டவர்:
மருத்துவரிடம் எப்போது அனுப்புவது?

பதில் (உளவள ஆலோசகர்):
கனவும் திடுக்கிடலும் ஒரு மாதத்துக்கு மேல் நீடித்து, படிப்பும் பழக்கமும் கெட்டால். சாக வேண்டும் என்று சொன்னால் அன்றே, தனியே விடாமல். “யாரிடமும் சொல்லமாட்டேன்” என்று மட்டும் வாக்குக் கொடுக்காதீர்கள்.