நீலச் சட்டை போட்டால் மாட்டு ஈ கடிக்குமாம்!

வெண்ணாற்றான்:
நேற்று இங்கே ஒரு மகானுபாவர் எழுதியிருக்கிறார்: வயல், ஆற்றங்கரைப் பக்கம் போகிறவர்கள் நீலச் சட்டை போடக்கூடாதாம், மாட்டு ஈ தேடி வந்து கடிக்குமாம். அதற்கு லைக் வேறு குவிகிறது. எங்கள் ஊரில் நடவுக்கு வரும் பெண்கள் புடவைக்கு மேல் வீட்டு ஆண்களின் பழைய முழுக்கைச் சட்டையை மாட்டிக்கொள்கிறார்கள். அதில் முக்கால்வாசி நீலம்தான். ஈ அவர்களைத் தூக்கிக்கொண்டா போய்விட்டது? நொச்சித் தழையும் வேப்பந்தழையும் போட்டு மூட்டம் போட்டால் எந்த ஈயும் அண்டாது. என் தாத்தா காலத்திலிருந்து அதுதான் வழி.

கொள்ளிடக்கரை:
அந்த மகானுபாவர் நான்தான் அண்ணே, பெயரைச் சொல்லியே திட்டலாம். மாட்டு ஈ கண்ணால் இரை தேடுகிற ஜாதி. அடர்நிறமாக, வெதுவெதுப்பாக, அசைகிற எதைப் பார்த்தாலும் மாடு என்று நினைத்து வரும். ஆப்பிரிக்காவில் செட்சி ஈ என்று இரத்தம் குடிக்கிற ஈ ஒன்று உண்டு, அதைப் பிடிக்க நீலத் துணியும் கறுப்புத் துணியும் வைத்துத்தான் பொறி தைக்கிறார்கள். அந்த மாதிரிப் பொறியில் மாட்டு ஈயும் வந்து விழுகிறது. வெளிர்நிறத்தில் முழுக்கைச் சட்டை போடுங்கள் என்றேன், அவ்வளவுதான்.

வெண்ணாற்றான்:
செட்சி ஈ தஞ்சாவூரில் இருக்கிறதா? ஆமாம், இல்லை என்று ஒரே வார்த்தையில் பதில் வேண்டும்.

வைக்கோல்போர்:
இரண்டு பேரும் ஒரே ஈயைப் பற்றித்தான் பேசுகிறீர்களா? மாட்டு ஈ பெரிது, பகலில் வரும், பெண் ஈ மட்டும் தோலைக் கிழித்து இரத்தம் குடிக்கும். எங்கள் கொட்டகையில் கணுக்காலில் கடிப்பது வேறு. பார்க்க வீட்டு ஈ போலவே இருக்கும், ஆனால் முன்னால் ஊசி போல வாய் நீட்டிக்கொண்டிருக்கும். அதில் ஆணும் கடிக்கும், பெண்ணும் கடிக்கும். சாணியும் மூத்திரமும் ஊறி மட்கிய வைக்கோலில் முட்டை வைக்கிறது. அதை வாரி வெயிலில் பரப்பினாலே நன்றாகக் குறைகிறது.

வெண்ணாற்றான்:
எந்த ஈயாக இருந்தால் என்ன, கடி கடிதான். பேச்சு நீலத்தைப் பற்றி. மாற்ற வேண்டாம்.

அலையாத்தி:
முத்துப்பேட்டைக்கு வந்து பாருங்கள். சாயங்காலம் காற்று விழுந்தவுடன் கண்ணுக்கே தெரியாத பொடிப்பூச்சி மொய்க்கும், கொசுவலைக் கண்ணிலேயே நுழைந்துவிடும். அது நீலமா வெள்ளையா என்று கேட்டுக் கடிப்பதில்லை. நல்ல காற்று அடித்தால் தானாக ஓடும்.

வெண்ணாற்றான்:
பார்த்தீர்களா? நிறம் பார்ப்பதில்லை என்று முத்துப்பேட்டையே சொல்லிவிட்டது!

அலையாத்தி:
நான் பொடிப்பூச்சியைச் சொன்னேன் ஐயா.

கொள்ளிடக்கரை:
நிறத்துக்கு இன்னொன்றும் இருக்கிறது. ஜப்பானில் கறுப்பு மாடுகளுக்கு வரிக்குதிரை மாதிரி வெள்ளைக் கோடு போட்டுப் பார்த்தார்கள். உட்காருகிற கடி ஈ ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. 2025-இல் இக் நோபல் கொடுத்தார்கள். டீட் என்ற பூச்சிவிரட்டி மருந்து கலந்த களிம்பு கொசுவுக்குச் சரி, மாட்டு ஈயிடம் அவ்வளவாகச் செல்லாது. அதனால்தான் சட்டையில் வந்து நிற்கிறேன்.

வெண்ணாற்றான்:
இக் நோபல் என்றால் சிரிப்பதற்குக் கொடுக்கிற பரிசு என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள் தம்பி. மாட்டுப் பொங்கலுக்குக் கொம்புக்கு மட்டும் வர்ணம் அடித்தோம், இனி விலா எலும்பு வரைக்கும் அடிப்போம். எலி பிடிக்க ஆந்தை வரும், அது உட்கார வயலில் குச்சி நடுங்கள் என்று சொன்னதும் இதே ஆள்தானே? நட்டேன். கரிச்சான் வந்து உட்கார்ந்துவிட்டுப் போனது. ஆந்தையைக் காணோம்.

கொள்ளிடக்கரை:
கதிர் முற்றிய பிறகு நட்டால் ஆந்தைக்குத் தந்தியா அடிக்க முடியும்? அந்தக் கணக்கை இங்கே தீர்க்க வேண்டாம்.

ஒரத்தநாட்டான்:
புகையைப் பற்றி ஒரு வார்த்தை. பச்சைத் தழை மூட்டம் போட்டால் ஈ ஒதுங்கும், மறுக்கவில்லை. ஆனால் அது புகைகிற வரைக்கும், புகை அடிக்கிற பக்கம் மட்டும். கொள்முதல் நிலையத்தில் நெல் குவியலுக்குக் காவல் கிடப்பவருக்குச் சரி. வரப்பில் நடக்கிறவர் புகைச் சட்டியைத் தலையில் வைத்துக்கொண்டா போவார்? கொட்டகைக்குள் மூட்டம் போட்டால் மாடும் சேர்ந்து இருமுகிறது.

வெண்ணாற்றான்:
புது ஆற்றுக்காரர் டெல்டா வழக்கம் சொல்லித்தர வந்துவிட்டார். 1934-இல் மேட்டூர் அணை கட்டியபோது கூட வந்த கல்லணைக் கால்வாய்தான் உங்கள் புது ஆறு. நொச்சி மூட்டம் அதற்கு முன்னாலேயே இருந்தது.

ஒரத்தநாட்டான்:
நொச்சி என்ன, வெண்ணாற்றுக்குப் பட்டா போட்ட செடியா? வெண்ணாறும் புது ஆறும் ஒரே கல்லணையில்தான் பிரிகின்றன. ஜூன் 12 மேட்டூரில் தண்ணீர் திறந்தால் யாருக்கு முறை வைப்பது என்று அங்கேயும் சண்டை, இங்கே ஈயிலும் சண்டையா?

வைக்கோல்போர்:
என் கேள்விக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை.

வெண்ணாற்றான்:
என் கேள்விக்கும்தான். செட்சி ஈ தஞ்சாவூரில் இருக்கிறதா, இல்லையா? இல்லை என்றால் நீலச் சட்டைப் பதிவை நீக்குங்கள்.

கொள்ளிடக்கரை:
நீக்க மாட்டேன். நாளைக்கு மதியம் அடர்நீலச் சட்டை போட்டு, மாட்டுக்குப் பக்கத்தில் நின்று, படம் எடுத்துப் போடுங்கள் அண்ணே.

வெண்ணாற்றான்:
நான் எதற்கு நிற்க வேண்டும்? சொன்னவர் நில்லுங்கள்.

ஒரத்தநாட்டான்:
கால்வாய் என்று சொன்னதை முதலில் வாபஸ் வாங்குங்கள். அது ஆறு.