அப்பஸ்ஸிமெந்தோ: உலர்த்தலா, வாட்டலா?

> அமரோனே என்ற இத்தாலியச் சிவப்பு ஒயின் பற்றிய கட்டுரையில், பறித்த திராட்சையின் நீரைக் குறைத்து ஒயின் செய்யும் ‘அப்பஸ்ஸிமெந்தோ’ முறையைச் சொல்ல ‘உலர்திராட்சை ஒயின்’ என்று எழுதியிருக்கிறேன். சரிதானே?

ஐயா, அது சரிவராது. உலர்திராட்சை என்றதும் பாயசத்தில் போடும் கிஸ்மிஸ்தான் நினைவுக்கு வரும். அதைப் பிழிந்தால் சாறு வராது. வெரோனாவை அடுத்த வல்பொலிச்செல்லாவில், கொர்வினா, ரொந்தினெல்லா என்ற திராட்சை வகைகளின் குலைகளைத் தட்டிகளில் ஒற்றை அடுக்காகப் பரப்பி, காற்றோட்டமான பரணில் 100 முதல் 120 நாள் வரை விட்டுவைக்கிறார்கள். 100 கிலோ பழம் 65 கிலோ அளவுக்கு வந்ததும் நொதிக்கவிடுகிறார்கள். தோல் சுருங்கியிருக்கும், சதை மிச்சமிருக்கும்.

100 கிலோவில் 21 கிலோ சர்க்கரை என்று வையுங்கள். 65 கிலோவில் அது 32 விழுக்காடு ஆகவேண்டும், ஆனால் சற்றுக் குறைவாகவே நிற்கும். பறித்த பின்னும் பழம் மூச்சுவிடுகிறது. சர்க்கரையிலும், புளிப்பு தரும் மாலிக் அமிலத்திலும் கொஞ்சம் அதற்குச் செலவாகிவிடுகிறது. ‘உலர்த்தல்’ நீர் போவதை மட்டும் சொல்கிறது. இத்தாலிய வினையான ‘அப்பஸ்ஸீரே’க்கு நேர்ப்பொருளே வாடுதல். தேயிலைக் கொழுந்தை அரைக்குமுன் காற்றில் வாட்டுகிறோமே, அதே வேலை. ஆகவே என் பரிந்துரை: வாட்டல்.

> வாழையிலையை வாட்டுவது அனலில் அல்லவா? படிப்பவர் பழத்தைச் சுட்டதாக நினைப்பார்.

நியாயமான கேள்வி. இங்கே அனல் ஆகவே ஆகாது. சூடேற்றி ஈரத்தை இழுக்கும் கருவிகளை அமரோனே விதிமுறையே விலக்கிவைத்திருக்கிறது. ‘நிழல்வாட்டல்’ என்றால் குழப்பம் தீரும். மருந்துச் செய்முறைகளில் ‘நிழலில் உலர்த்தி’ என்பது பழகிய தொடர்தானே.

> நிழல் இருந்து காற்று இல்லாவிட்டால் எல்லாம் பூசணம். ‘காற்றுவாட்டல்’?

காற்றுதான் முக்கியம், ஒப்புக்கொள்கிறேன். இலையுதிர்கால ஈரத்தில் குலையின் நடுவில்தான் சாம்பல் பூசணம் பிடிக்கும். வெளிப்பழம் நன்றாகவே தெரியும், விரலால் விலக்கினால் உள்ளே நைந்திருக்கும். நெருக்கமில்லாத குலைகளைப் பொறுக்குவதும், மின்விசிறி வைப்பதும் அதற்காகத்தான். ஆனால் ‘காற்று’ என்றதும் வாசகர் வெயிலில் விரித்த பாயையும் சேர்த்துப் பார்த்துவிடுவார். காற்றைப் பரணின் பெயரில் ஏற்றிவிடலாம். ‘ஃப்ருத்தாயோ’ = வாட்டுப்பரண். ‘அரேலே’க்குப் புதுச்சொல் வேண்டாம், தட்டி போதும். இப்போது பல இடங்களில் பிளாஸ்டிக் கூடைதான்.

> ரெச்சோத்தோ?

அது ஒயினின் பெயர், அப்படியே இருக்கட்டும். அதே வாட்டிய பழம், அதே சாறு. சர்க்கரை தீருமுன் நொதிப்பு நின்றால் இனிப்பான ரெச்சோத்தோ, தீரும்வரை ஓடினால் அமரோனே. ‘அமாரோ’ என்றால் கசப்பு. குளிர்காலத்துக் குளிரிலும், சாராய அளவு 15 விழுக்காட்டைத் தாண்டும்போதும் ஈஸ்ட் திணறிப் பாதியில் படுத்துவிடும். இதற்கு ‘நொதிப்புத் தேக்கம்’ என்கிறேன். ‘தடை’ என்றால் யாரோ வேண்டுமென்றே நிறுத்தியது போலிருக்கிறது.

சொற்கள் வாக்கியத்தில் உட்காருகின்றனவா என்று பார்க்க ஒரு பத்தி:

“கர்காஞ்ஞாகோவில் உள்ள செரேகோ அலிகியேரி பண்ணையை 1353இல் கவிஞர் தாந்தேயின் மகன் பியெத்ரோ வாங்கினார். அதன் ‘வாயோ அர்மரோன்’ ஒயினுக்கான குலைகள் வாட்டுப்பரணில் தட்டிகள்மேல் நிழல்வாட்டலுக்கு உட்படுகின்றன. முதிர்த்தலின் இறுதிக் கட்டம் செர்ரி மரப் பீப்பாயில் நடக்கிறது.”

‘நிழல்வாட்டலுக்கு உட்படுகின்றன’ அலுவலகக் கடிதம் போலிருக்கிறது. ‘நிழலில் வாட்டப்படுகின்றன’ என்று மாற்றிவிடுங்கள். பெயர்ச்சொல் தலைப்புக்கும் அகராதிக்கும் போதும்.