உண்ணிச்செடி வேலி: வெட்டுறதா, விடுறதா?

தும்பி:
மேட்டுப்பாளையம் பக்கம் எங்களுக்கு ஒன்றரை ஏக்கர். மேற்கு ஓரம் முழுக்க உண்ணிச்செடி, அப்பா காலத்துல தானா முளைச்சு வேலியா நின்னுடுச்சு. போன வாரம் மச்சினர் வந்தார். "இது காட்டையே அழிக்கிற சனியன், ஜேசிபி விட்டு வேரோட எடுத்துடுங்க"ன்னு சொல்லிட்டுப் போயிட்டார்.

எனக்கு மனசு வரல. சித்திரை வெயில்ல சுத்துவட்டாரத்துல ஒரு பூ இருக்காது, இந்த வேலியில மட்டும் பட்டாம்பூச்சி மொய்க்கும். ஒருநாள் காப்பி டம்ளரோட நின்னு பார்த்தேன். ஒரே கொத்துல நடுவுல மஞ்சள், ஓரத்துல ஆரஞ்சும் சிவப்பும். வர்ற பூச்சியெல்லாம் மஞ்சள் பூவுலதான் உட்காருது, சிவப்பைச் சீண்டக்கூட இல்ல. அன்னைக்கு விரிஞ்ச பூ மஞ்சளாம், தேன் அதுலதானாம். வயசானா சிவந்துடுமாம். கட்சி சொல்லிட்டேன், நான் வெட்ட மாட்டேன். எதிர்க்கட்சி வரலாம்.

கிடைமாடு:
வந்துட்டேன்.

2017 வறட்சியில எங்க மாடு ஒண்ணு புல்லுக்கு வழியில்லாம இதை மேஞ்சுடுச்சு. ரெண்டு நாள் சாணி போடல. அப்புறம் வெயில்லயே நிக்கல, எங்க நிழல் கிடைச்சாலும் போய் ஒண்டிக்கிச்சு. மூக்கு நுனி வெடிச்சு, காது மடல்ல தோல் வாழைச்சருகு மாதிரி உரிஞ்சு வந்துச்சு. டாக்டர் தொட்டுப் பார்த்துட்டு "கல்லீரல் போச்சுங்க. இனி வெயில் பட்டா தோல் வெந்துடும், இருட்டுல கட்டுங்க"ன்னார். பதினோராம் நாள் போயிடுச்சு. உங்களுக்குப் பட்டாம்பூச்சி, எங்களுக்கு இது.

தும்பி:
ஐயோ. மன்னிச்சுக்கோங்க அண்ணா. ஆனா அது வறட்சிக்காலம். சாதாரணமா ஆடுமாடு இதைத் தொடாது, அதனாலதானே ஊர்ல வேலிக்கு விட்டு வச்சாங்க?

கிடைமாடு:
தொடாதுங்கறதுதாம்மா வினையே. மாடு புல்லைக் கடிக்கும், இதை விட்டுடும். அடுத்த மழைக்குப் புல்லு இருந்த இடத்துல இது நிக்கும். நான் சின்னப்பையனா மாடு ஓட்டிப்போன மேய்ச்சல் காட்டுல இப்ப குனிஞ்சுகூட நுழைய முடியாது. உள்ள யானை நின்னா பத்தடி தள்ளியும் தெரியாது.

அத்திக்கன்று:
மச்சினர் சொன்னதில் பாதி சரி, பாதி ஆபத்து. எதிர்க்கட்சியிலேயே நான் தனிக்கட்சி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

செடியின் பூர்வீகம் அமெரிக்காவின் வெப்ப மண்டலம், மெக்சிகோவிலிருந்து தெற்கே. 1800களின் முதல் பத்தாண்டிலேயே கல்கத்தா தாவரவியல் தோட்டத்துக்கு அழகுச்செடியாக வந்துவிட்டது. வெள்ளைக்காரத் துரைகளின் பங்களா வேலியிலிருந்து காட்டுக்குப் போனதற்குக் கொண்டைக்குருவிகளே சாட்சி. பழத்தைத் தின்று போகிற இடமெல்லாம் விதைத்தன. 2020இல் வந்த ஒரு கணக்கீட்டின்படி நம் நாட்டில் சுமார் 1,54,000 சதுர கிலோமீட்டர் காட்டில் இது பரவியிருக்கிறது. தமிழ்நாட்டின் பரப்பு 1,30,000. ஒப்பிட்டுப் பாருங்கள்.

ஆனால் ஜேசிபி மட்டும் வேண்டாம். புரட்டிய மண்ணில் பல வருடத்து விதை கிடக்கும், வெயில் பட்டதும் எல்லாம் கிளம்பும். ஒரு செடி போய் நூறு வரும். மேலே மட்டும் வெட்டினாலும் அடியிலிருந்து கொத்துக்கொத்தாகத் துளிர்க்கும். டெல்லிப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சி.ஆர்.பாபு குழுவினர் ஒரு முறையைச் சொன்னார்கள், கார்பெட் காட்டில் செய்தும் காட்டினார்கள். தண்டும் வேரும் சேருகிற கழுத்து இருக்கிறதே, மண்ணுக்கு இரண்டு மூன்று விரல் கீழே, அங்கே வெட்டிச் செடியைத் தலைகீழாகக் கவிழ்த்துப் போட வேண்டும். வேர் வானம் பார்த்துக் காய்ந்து சாகும். மண் அதிகம் கிளறப்படாது.

இதெல்லாம் முதல் நாள் வேலை. அடுத்த நாலைந்து வருடம் ஒவ்வொரு மழைக்கும் நாற்றைப் பிடுங்க வேண்டும், அந்த இடத்தில் புல்லோ வேறு செடியோ வைக்க வேண்டும். காட்டில் இது நடக்காமல் போவது இங்கேதான். வெட்டுகிற வருடம் பணம் வரும், படம் எடுப்பார்கள். மூன்றாவது வருடம் நாற்றுப் பிடுங்கக் கூலி கேட்டுப் பாருங்கள்!

பழைய பேட்டரி:
உண்ணிப்பழம் தின்னு நாக்கைக் கறுப்பாக்கிக்கிட்டு ஸ்கூலுக்குப் போனவங்க கை தூக்குங்க. பச்சைக்காயைத் தின்னா வயிறு போயிடும்னு பாட்டி திட்டும், கறுத்ததை மட்டும் பொறுக்குவோம்.

சரி, ஒரு சந்தேகம். வெளிநாட்டுச் செடி வெளிநாட்டுச் செடின்னு குதிக்கிறீங்களே, மிளகாய் எங்கிருந்து வந்துச்சு? தக்காளி? கப்பல்ல வந்த மிளகாயைக் குழம்புல போட்டுக்கிட்டு உண்ணிச்செடிக்கு மட்டும் பாஸ்போர்ட் கேக்குறது என்ன நியாயம்?

அத்திக்கன்று:
பாஸ்போர்ட் யாரும் கேட்கவில்லை. மிளகாய்ச்செடியை வரப்போரம் விட்டுவிட்டு இரண்டு வருடம் கழித்துப் போங்கள், இருக்காது. இதை விட்டுவிட்டுப் போனால் வரப்பே இருக்காது.

தும்பி, பட்டாம்பூச்சிக்கும் வருகிறேன். தேன் குடிக்க வருவது வளர்ந்த பூச்சி. புழு எதைத் தின்னும்? உங்கள் வேலியில் பறக்கிற கறுப்பு அழகி முட்டையிடுவது கறிவேப்பிலையில். ஆரஞ்சு வரியன் எருக்கில். வெளிர்பச்சைச் சிறகோடு கூட்டமாக வருகிறதே, அது ஆவாரையில். உண்ணி புதராகி எருக்கையும் ஆவாரையையும் மூடிவிட்டால் தேன்கடை மட்டும் இருக்கும், பிரசவ ஆஸ்பத்திரி இருக்காது.

தும்பி:
இது எனக்கு உறைக்குது. ஆவாரை எங்க வேலியில முன்னாடி இருந்துச்சு. பொங்கலுக்குக் காப்புக் கட்ட வேலியிலேயே பறிப்போம், இப்ப சந்தையில வாங்குறோம். எப்ப காணாமப் போச்சுன்னே கவனிக்கல.

பிரம்புக்கூடை:
எல்லாரும் அழிக்கிறதைப் பத்தியே பேசுறீங்க. அதை வச்சுச் சோறு தின்கிறவங்க இருக்காங்க. குச்சியை வெட்டி, வேகவச்சு, சூட்டோட பட்டையை உரிச்சா பிரம்பு மாதிரி வளையும். பிரம்பை விட ரொம்ப விலை குறைவு, கசப்புக்குப் பூச்சியும் அரிக்காது. மாதேஸ்வரன் மலையில சோளகர் பழங்குடி மக்கள் இதுல நாற்காலி பண்றாங்க. கூடலூர்ப் பக்கம் ஆதிவாசி மக்கள் ஆளுயரத்துக்கு மேல யானை பண்ணாங்க, 2024ல நூறு யானை அமெரிக்காவுக்கே போச்சு. செடி வந்த ஊருக்கே திரும்பிப் போன மாதிரி. வெட்டி எரிச்சா யாருக்கு லாபம்?

கிடைமாடு:
யானை அழகுதான், இல்லேங்கல. ஆனா உங்களுக்கு வேணுங்கறது நேரான, விரல் தடிமன் குச்சி. அதை மட்டும் எடுத்துட்டு அடிமரத்தை விட்டுடுவீங்க. கவாத்து பண்ணின மாதிரி இன்னும் நல்லாத் தழைக்கும். நாளைக்கே செடி தீர்ந்து போச்சுன்னா நாற்காலிக்கு எங்க போவீங்க? நீங்களே நட்டு வளர்ப்பீங்க.

பிரம்புக்கூடை:
நட்டு வளர்க்கணுமா! அண்ணே, இருக்கிறதைத் தீர்க்க எங்க பேரன் காலம் பத்தாது.

கிடைமாடு:
அதைத்தான் நானும் சொல்றேன். நாற்காலி பண்ணித் தீராது. 1941ல இதை அழிக்கப் பூச்சியை விட்டும் பார்த்தாங்களாம், அதுக்கும் தீரல. சோளகருங்க பேச்சு வந்ததால சொல்றேன். பிலிகிரிரங்கன் மலையில வருஷா வருஷம் மாசி பங்குனிக்கு முன்னாடி சருகுக்குச் சின்னதா நெருப்பு வைக்கிற வழக்கம் அவங்களுக்கு உண்டு. அது உண்ணி நாத்தைக் கருக்கிடும், புல்லு வரும். சரணாலயம் ஆனதும் நெருப்பு வைக்கக் கூடாதுன்னுட்டாங்க. அப்புறந்தான் இது காட்டை மூடுச்சுன்னு பெரியவங்க சொல்றாங்க. அவங்க கையில விட்டிருந்தா இவ்வளவு பேசவே வேண்டாம்.

அத்திக்கன்று:
அன்றைக்கு விட்டிருக்க வேண்டும், ஒத்துக்கொள்கிறேன். இன்றைக்கு அதே நெருப்பை வைத்தால்? அன்று கீழே கிடந்தது சருகு. இன்று ஆளுயரத்துக்கு உலர்ந்த உண்ணிப்புதர், மரத்திலும் ஏறியிருக்கிறது. தீ மேலே ஏறிவிடும். முதலில் வெட்டிக் குறைக்காமல் நெருப்பைத் திருப்பிக் கொண்டுவர முடியாது.

2012இல் இந்தியா, ஆஸ்திரேலியா, தென்னாப்பிரிக்கா மூன்றின் இருநூறு வருட அனுபவத்தையும் சேர்த்துப் பார்த்த ஓர் ஆய்வு, அடியோடு ஒழிக்கிற பேச்சை விட்டுவிட்டு இருப்பதைச் சமாளிக்கப் பழகுங்கள் என்கிற தொனியில் முடிந்தது. எனக்கு அதில் முழுச் சம்மதம் இல்லை. காடு முழுக்க முடியாதுதான். நீரோடைக் கரை, புல்வெளி, யானை வழித்தடம், இவற்றையாவது தேர்ந்தெடுத்து மீட்கலாம். ஒன்றரை ஏக்கர் வேலியில் நிச்சயம் முடியும்.

பழைய பேட்டரி:
வேலியை எடுத்துட்டா ஆடு உள்ள வந்துடுமே? அதுக்கு யாரும் வாயைத் திறக்கல.

கிடைமாடு:
கிளுவைக் குச்சி நடுங்க. எங்க ஊர்ல உயிர்வேலின்னா கிளுவைதான், மழைக்கு முன்னாடி வெட்டி ஊனினாப் போதும். இடையில நொச்சி, ஆடாதோடை. பேரே ஆடாதோடை, ஆடு வாய் வைக்காது.

தும்பி:
இப்ப போய் வேலியைப் பார்த்துட்டு வந்தேன். வடக்கு மூலையில புதருக்குள்ள கொண்டைக்குருவி கூடு, மூணு குஞ்சு, வாயைப் பொளந்துக்கிட்டு. தாய் கொண்டு வந்து ஊட்டினது என்னன்னு நினைக்கிறீங்க? உண்ணிப்பழம்!

குஞ்சு பறக்கிற வரைக்கும் யாரும் கை வைக்கக் கூடாது. அப்புறம் தெற்கு முனையிலிருந்து இருபதடி மட்டும், கழுத்துல வெட்டிக் கவுத்துப் போடுறேன். கிளுவை உங்க ஊர்லருந்து அனுப்ப முடியுமா அண்ணா? மச்சினர்கிட்ட ஜேசிபி வேண்டாம்னு சொல்லியாச்சு, கோவிச்சுக்கிட்டார்.

கிடைமாடு:
அறுபதடிக்கு ஆகிற அளவு அனுப்புறேன். இருபதோட நிறுத்த மாட்டீங்க.

தும்பி:
இருபதுதான்.