மேட்டர் வாட்ஸ்ஆப்பில் வரும், கேள்விக்குறியாக விழும்: ஒரு டிடிபி கடைக்காரரின் அனுபவம்

புது மென்பொருள்கள் வந்து தொழிலில் என்ன மாறியது என்று கேட்டால் பலரும் ஏஐ பற்றியே எழுதுகிறார்கள், சரி, அதற்கும் வருகிறேன். நான் கும்பகோணத்தில் டிடிபி கடையும் (கணினியில் பக்கம் அமைத்துக் கொடுக்கிற கடை) சின்ன ஆஃப்செட் அச்சகமும் வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, கும்பாபிஷேக நோட்டீஸ், கண்ணீர் அஞ்சலி போஸ்டர், இதுதான் பிழைப்பு. இப்போது ஆர்டர் பெரும்பாலும் வாட்ஸ்ஆப்பில் வருகிறது, அட்வான்ஸ் ஜிபேயில் வருகிறது, ஆளையே பார்க்காமல் அச்சடித்து பார்சலில் அனுப்பிய கல்யாணங்களும் உண்டு. ஆன்லைன் வியாபாரம் என்றால் எங்களுக்கு இதுதான். ஆனால் கடையில் தினமும் மண்டை காய வைப்பது இதையெல்லாம்விடப் பழைய சமாச்சாரம்: ஃபாண்ட், அதாவது கணினியில் எழுத்துக்கு உருவம் கொடுக்கிற கோப்பு.

"மேட்டரை டைப் பண்ணியே அனுப்பிட்டேன் அண்ணே, நீங்க எடுத்துப் போட்டா போதும், கம்போஸிங் காசைக் குறைச்சுக்கங்க" என்பார்கள். நியாயமான பேச்சுதான். அதை எடுத்து பேஜ்மேக்கர் என்ற பழைய பக்க வடிவமைப்பு மென்பொருளில் போட்டால் வரிசையாகக் கேள்விக்குறிகள் விழும். பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பான 7.0 வந்தது 2001இல், அதற்கு யூனிகோடு (உலக மொழி எழுத்துகளுக்கெல்லாம் தனித்தனி எண் கொடுக்கிற பொது முறை) என்றால் என்னவென்றே தெரியாது. ஃபோனில் அடிக்கிற தமிழ் முழுக்க யூனிகோடு. இன்னும் ஏன் அதைக் கட்டிக்கொண்டு அழுகிறீர்கள் என்று கேட்கலாம். கடை ஆரம்பித்த நாளிலிருந்து சேர்ந்த வேலை எல்லாம் அதில்தான் இருக்கிறது, போன தலைமுறைக்கு அடித்த பத்திரிகையைக் காட்டி "இதே மாதிரி வேணும்" என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள்.

தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கம். பாமினி மாதிரிப் பழைய ஃபாண்ட்களில் இருப்பது கணினியைப் பொறுத்தவரை ஆங்கில எழுத்துதான், தமிழ் வேஷம் போட்டிருக்கிறது, அவ்வளவே. திரையில் 'அம்மா' என்று தெரிவது உள்ளே எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று கிடக்கிறது. அந்த ஃபாண்ட் உள்ள கணினியில் அம்மா, இல்லாத கணினியில் குப்பை. தேடினால் கிடைக்காது, வாட்ஸ்ஆப்பில் அனுப்ப முடியாது. இத்தனைக்கும் யூனிகோடில் தமிழுக்கு 1991லேயே இடம் கொடுத்தாயிற்று, விண்டோஸ் 2000 வந்தபோதே அதில் லதா என்ற யூனிகோடு ஃபாண்டும் வந்தது. அச்சகங்கள் மட்டும் நகரவில்லை.

காரணம் சோம்பல் என்று பலரும் சொல்கிறார்கள், நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். காரணம் விரல். எங்கள் கடை அக்கா தமிழ்த் தட்டச்சு முதுநிலை பாஸ் பண்ணியவர், பாமினி விசை அமைப்பு கிட்டத்தட்ட அந்தத் தட்டச்சு இயந்திரத்துடையது, விசையைப் பார்க்காமல் பேசிக்கொண்டே அடிப்பார். தமிழ்99 என்ற புது விசை அமைப்பு நல்ல அமைப்புதான், 1999 சென்னை மாநாட்டை ஒட்டி வந்தது, அரசும் ஏற்றுக்கொண்டது, ஆனால் இத்தனை வருடம் அடித்த கையை மாற்று என்று அக்காவிடம் யார் போய்ச் சொல்வது? இந்தச் சிக்கலை அவிழ்த்தது என்எச்எம் ரைட்டர் என்ற இலவசக் கருவி. சென்னையில் ஒரு பதிப்பக நிறுவனம் வெளியிட்டது. அதில் பழைய தட்டச்சு அமைப்பை வைத்துக்கொண்டே யூனிகோடில் அடிக்கலாம். அக்கா அன்று வழக்கம்போல அடித்தார், யூனிகோடில் விழுந்தது. எந்தச் செய்தியிலும் வராத புரட்சி, எங்கள் கடையில் அதுதான் பெரிசு.

பழைய கோப்புகளை யூனிகோடுக்குக் கொண்டுவர 'மாற்றி' என்ற கருவிகள் இருக்கின்றன. சுரதா என்பவர் இணையத்தில் போட்ட பொங்குதமிழ் மாற்றியை நான் பல வருடமாகப் பயன்படுத்துகிறேன், ஒரு பைசா வாங்கியதில்லை. ஆனால் மாற்றியை நம்பி நேராக அச்சுக்குக் கொடுத்தால் தொலைந்தோம். பக்கத்து ஊர் அச்சகம் ஒன்றில் நடந்தது. மாப்பிள்ளை பெயருக்குப் பக்கத்தில் பி.இ. என்று ஆங்கிலத்தில் அடித்திருந்த இடம் 'டீ.நு.' என்று மாறிவிட்டது. ப்ரூஃப் பார்த்த பெண் வீட்டுப் பெரியவர் "இது என்ன படிப்பு தம்பி, வெளிநாட்டுப் படிப்பா?" என்று கேட்டாராம். பாமினியில் ஆங்கிலப் பெரிய எழுத்து B-யின் இடத்தில் டீ, பெரிய எழுத்து E-யின் இடத்தில் நு. மாற்றிக்கு எது ஆங்கிலம், எது வேஷம் போட்ட ஆங்கிலம் என்று தெரியாது, எல்லாவற்றையும் தமிழாக்கிவிடும். பி.காம். படித்திருந்தால் இன்னும் மோசம், 'டீ.ஊழஅ' என்று வரும். கமாவை ஆங்கிலக் கமாவாகவே அடித்திருந்தால் அது 'இ' ஆகிவிடும். இணையத்தில் பழைய கட்டுரைகளில் 'யாழ்ப்பாணம்இ கொழும்புஇ' என்று பார்த்து முழித்திருக்கிறீர்களா, அது இந்தக் கதைதான்.

இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறேன். தமிழில் எந்தச் சொல்லும் தனி 'இ' எழுத்தில் முடியாது, அதனால் மாற்றியபிறகு 'இ' போட்டு ஒரு இடைவெளி விட்டுத் தேடினால் தப்பிய கமா எல்லாம் மாட்டும் (தமிழிலேயே 'பி.இ' என்று அடித்திருந்தால் அதுவும் மாட்டும், அதை விட்டுவிட வேண்டும்). அப்புறம் 'டீ.' என்று ஒரு தேடல். பி-யில் ஆரம்பிக்கிற பட்டங்கள் பெரும்பாலும் சிக்கிவிடும்.

2010இல், கோவை செம்மொழி மாநாட்டு நேரத்தில், தமிழ்நாடு அரசு யூனிகோடை அதிகாரபூர்வமாக ஏற்று ஆணை போட்டது. நல்ல ஆணை. ஆனால் போன மாதம்கூட ஒரு அரசு அலுவலகத்திலிருந்து வந்த பிடிஎஃப்பில் ஒரு வரியைப் பிரதி எடுத்தேன், ஒட்டினால் அரைப்புள்ளியும் ஆங்கில எழுத்தும்தான் வந்தன. அதற்குமேல் சொல்ல ஒன்றுமில்லை.

2023 ஜனவரியில் அடோபி தன் மென்பொருள்களில் டைப் 1 என்ற பழைய வகை ஃபாண்ட்களுக்கு ஆதரவை நிறுத்தியது. தமிழ்ப் பக்கம் இதைப் பெரிதாக யாரும் பேசவில்லை. எங்களிடம் இருந்த பழைய தலைப்பு ஃபாண்ட்களில் சில அந்த வகை, புதுப் பதிப்பில் திறந்தால் ஃபாண்ட் இல்லை என்கிறது. அதற்காகவே ஒரு பழைய கணினியை இணையம் கொடுக்காமல் மூலையில் வைத்திருக்கிறேன். புது வேலைக்கு அடோபியின் பக்க வடிவமைப்பு மென்பொருளான இன்டிசைன்தான், பத்தி அமைப்பில் வேர்ல்ட்-ரெடி கம்போசர் என்ற வசதியைத் தேர்ந்தெடுக்காவிட்டால் கொம்பு எல்லாம் எழுத்துக்கு அந்தப் பக்கம் போய் நிற்கும், அதைச் சொல்லித்தர ஆளில்லாமல் எத்தனையோ பேர் திரும்பப் பாமினிக்கே ஓடினார்கள். இலவச ஃபாண்ட்களில் முக்தா மலர், பாலு தம்பி இரண்டும் அச்சில் நன்றாக நிற்கின்றன, வியாபாரத்துக்குத் தாராளமாகப் பயன்படுத்தலாம். ஆனாலும் போஸ்டருக்குப் பழைய மாதிரிக் கொழுகொழு எழுத்து கேட்கிறார்கள், அதற்கு ஈடாக யூனிகோடில் இன்னும் எனக்குத் திருப்தியாக ஒன்று மாட்டவில்லை.

சரி, ஏஐ. சமீபத்தில் ஒரு பையன் பத்திரிகை வாசகத்தை ஏஐயிடம் எழுதி வாங்கி அனுப்பினான். பிழை கிடையாது, சுத்தமான யூனிகோடு, பார்க்கவே நிம்மதி. 'எங்கள் அன்பின் கொண்டாட்டத்தில் எங்களோடு இணையுங்கள்' என்று ஆரம்பம். ப்ரூஃப் அவன் பெரியப்பாவுக்குப் போயிற்று. அவர் என்னைக் கூப்பிட்டு "நிகழும் மங்களகரமான எங்கேப்பா? திதி, நட்சத்திரம் எங்கே? தாய்மாமன் பேரு எங்கே?" என்று பிடித்துக்கொண்டார். மறுபடி ஏஐயிடம் கேட்டு வாங்கிய தமிழ்த் தேதியும் பஞ்சாங்கத்தோடு ஒத்துப்போகவில்லை, கடைசியில் அக்கா பழைய பத்திரிகை ஒன்றை எடுத்துவைத்துப் பெயர்களை மாற்றி முடித்தார். பையனும் ஒன்றும் சொல்லவில்லை, முதல் வரியை மட்டும் வாட்ஸ்ஆப் பத்திரிகையில் போட்டுக்கொண்டான்.

கோயில் மலர், குடும்ப வரலாறு என்று பழைய சிடி, பென்டிரைவோடு வருகிறவர்களுக்கு ஒன்று: கோப்போடு அந்த ஃபாண்டையும் தேடி எடுத்து வாருங்கள். பெயர் தெரியாத ஃபாண்டில் வந்தால் அச்சடித்த பிரதியைப் பக்கத்தில் வைத்து எந்த விசைக்கு எந்த எழுத்து என்று அட்டவணை போட வேண்டியிருக்கிறது, அதற்கு அக்கா தனி ரேட் கேட்கிறார், நானும் பேரம் பேசுவதில்லை.