கோடை விடுமுறையில் கணக்கீட்டு அறிவியல்: பைத்தானிலிருந்துதான் தொடங்க வேண்டுமா?

கேள்வி (அரசு மேல்நிலைப் பள்ளி இயற்பியல் ஆசிரியர்)

அனைவருக்கும் வணக்கம். பிளஸ் ஒன் தேர்வு எழுதி முடித்த இருபது மாணவர்களுக்கு மே மாதத்தில் பத்து நாள், காலை வேளையில் மட்டும், கணக்கீட்டு அறிவியலை, அதாவது அறிவியல் கேள்விகளுக்குக் கணினியில் கணக்கிட்டு விடை தேடுவதை, அறிமுகப்படுத்த எண்ணியுள்ளேன். ஆய்வகத்தில் ஒழுங்காக இயங்குபவை பத்துக் கணினிகள். இணையத்தை நம்ப முடியாது. கணினி அறிவியல் பிரிவினர் சி பிளஸ் பிளஸ் நிரல்மொழி படித்திருக்கிறார்கள், ஆனால் பைத்தான் நிரல்மொழி அவர்களுக்கே பிளஸ் டூவில்தான் வருகிறது. உயிரியல் பிரிவினருக்கு நிரல் எழுதிய பழக்கமே இல்லை. முதல் வாரம் முழுவதும் பைத்தான் கற்பித்துவிட்டு அறிவியலுக்கு வருவது சரியாக இருக்குமா?

பதில் 1 (வேதியியல் ஆசிரியை)

வேண்டாம் ஐயா. அப்படிச் செய்தால் அது இன்னொரு கணினி வகுப்பாகிவிடும். மூன்றாம் நாளே பாதிப் பேர் வரமாட்டார்கள். முதல் நாள் ஒரு குவளை சூடான தேநீரையும் வெப்பமானியையும் கொடுத்து, நிமிடத்துக்கு ஒரு முறை அளந்து எழுதச் சொல்லுங்கள். சுற்றுப்புறத்தோடு உள்ள வெப்பநிலை வேறுபாட்டுக்கு ஏற்ற வேகத்தில் பொருள் ஆறும் என்ற நியூட்டனின் குளிர்வு விதியை அவர்கள் ஏற்கெனவே படித்திருக்கிறார்கள். தேநீர் 80 டிகிரி, அறை 30 டிகிரி, மாறிலி நிமிடத்துக்கு 0.04 என்று கொண்டால், முதல் நிமிடத்தில் 2 டிகிரி குறைந்து 78 ஆகும். அடுத்த நிமிடத்தில் வேறுபாடு 48 தான் என்பதால் 1.92 மட்டுமே குறையும். நான்கைந்து வரிகளைக் கையால் கணக்கிட்டபின் லிப்ரே ஆபிஸ் கால்க் விரிதாளில் ஒரே வாய்ப்பாட்டைக் கீழே இழுத்துவிட்டால் போதும், இணையமும் தேவையில்லை.

திறந்த குவளையில் தொடக்க நிமிடங்களில் தேநீர் கணக்கைவிட வேகமாக ஆறும். ஏன் என்று அவர்களையே யோசிக்க விடுங்கள். ஆவியாதலை யாராவது சொன்னதும், குவளையைத் தட்டால் மூடி மறுபடி அளக்கச் சொல்லுங்கள்.

பதில் 2 (பொறியியல் கல்லூரிப் பேராசிரியர்)

தேநீருக்கு நானும் உடன்படுகிறேன், ஆனால் விரிதாளிலேயே பத்து நாளும் நிற்கக்கூடாது. நான்காம் நாள் சுருள்வில்லின் தனிச்சீரிசை இயக்கத்தை, அதாவது அதன் சீரான அலைவை, பைத்தானில் ஆய்லர் முறைப்படி (காலத்தைச் சிறு படிகளாகப் பிரித்து, ஒவ்வொரு படியிலும் பழைய மதிப்புகளிலிருந்து அடுத்ததைக் கணக்கிடும் முறை) எழுதச் சொல்லுங்கள். பத்து வரிக்குள் முடியும். கோண அதிர்வெண் 1, காலப்படி 0.1 என்று வைத்தால், ஒரே அலைவில் வீச்சு (நடுநிலையிலிருந்து செல்லும் அதிகபட்சத் தொலைவு) ஏறத்தாழ 37 விழுக்காடு பெருகிவிடும். தானாகவே ஆற்றலைப் பெருக்கிக்கொள்ளும் சுருள்வில்லைப் பார்த்ததும் மாணவர்கள் தங்கள் நிரலில் பிழை தேடுவார்கள். நிரலில் பிழை இல்லை, முறையில்தான் இருக்கிறது. படியை 0.01 ஆக்கினால் பெருக்கம் 3 விழுக்காட்டுக்கு இறங்கும். திசைவேகத்தை முதலில் புதுப்பித்து, அந்தப் புதிய மதிப்பைக் கொண்டு இடத்தைக் கணக்கிட்டால் வீச்சு பெருகுவது நின்றுவிடும். இரண்டு வரிகளை இடம் மாற்றுவதுதான் வேலை. கணினி தரும் விடையை ஆற்றல் அழிவின்மை போன்ற விதியோடு ஒப்பிட்டுச் சோதிக்கும் பழக்கம் இங்கேதான் பிறக்கும், அதை உரையாகச் சொன்னால் யார் காதிலும் ஏறாது.

பதில் 3 (உயிரியல் முதுகலை ஆசிரியர்)

உயிரியல் பிரிவினரை மறந்துவிடாதீர்கள். தொற்றக்கூடியோர், தொற்றியோர், விலகியோர் (குணமானவர்கள் அல்லது இறந்தவர்கள்) என மக்களை மூன்றாகப் பிரிக்கும் நோய்ப்பரவல் மாதிரியை கெர்மாக், மெக்கென்ட்ரிக் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1927-இல் வெளியிட்டபோது, 1905-06-இல் பம்பாயில் பிளேக்கால் நேர்ந்த வாராந்திர இறப்புகளோடுதான் அதை ஒப்பிட்டார்கள். வளைவு நன்றாகவே பொருந்தியது. ஆனால் பிளேக் எலிகளிடமிருந்து தெள்ளுப்பூச்சி வழியாக மனிதருக்கு வருவது, அந்த மூன்று பிரிவுகளில் எலிக்கு இடமே இல்லை. பொருந்திவிட்டதாலேயே மாதிரி சரியாகிவிடுமா என்ற விவாதத்துக்கு ஒரு முழுக் காலைப்பொழுதை ஒதுக்கலாம்.

கேட்டவர்

மிக்க நன்றி. முதல் மூன்று நாள் தேநீரும் விரிதாளும், அடுத்து சுருள்வில், பிறகு பம்பாய் என்று வகுத்துக்கொள்கிறேன். ஒரு கணினிக்கு இருவர் என்பதால், கணினிப் பிரிவு மாணவரையும் உயிரியல் மாணவரையும் இணைத்து, விசைப்பலகையை உயிரியல் மாணவரிடமே கொடுக்கப் போகிறேன். வெப்பமானிகள் ஆறுதான் உள்ளன. வேதியியல் ஆய்வகத்தில் இரவல் கேட்க வேண்டும்.